முடியமுன்னம் எழும்புற அண்ணை

கலியாண வீடோ, செத்த வீடோ, சாமத்திய வீடோ, எதுக்குப் போனாலும் அந்த அண்ணை கதவுக்குப் பக்கத்துக் கதிரையிலதான் இருப்பார். ஜக்கெற் கழட்டமாட்டார். வெயில் கொளுத்திற கோடையிலயும் மாட்டார். ஆராவது பெடியன் வந்து, "தாங்கோ அண்ணை, கொழுவி விடுறன்" எண்டு கேட்டால், "வேண்டாம் தம்பி, நான் இப்ப வெளிக்கிட்டிடுவன்" எண்டுவார். அப்பத்தான் வந்து குந்தியிருப்பார்.

வராமல் விடுற ஆளெண்டு மட்டும் நினைச்சுப் போடாதேங்கோ. எங்கட சனம் அழைப்புக் காட்டில அடிச்ச நேரத்துக்கு எந்தக் காலத்தில வந்தது? இவர் வருவார். மண்டபம் திறக்கேக்கயே வந்து, கதிரை அடுக்கிற பெடியளுக்குக் கைகுடுத்து, குத்துவிளக்குக்கு எண்ணெய் இருக்கோ எண்டு பார்த்து, பொம்பிளை வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் சுகம் விசாரிச்சுப்போட்டுத்தான் இருப்பார். பிறகு தாலி கட்டக் கெட்டிமேளம் அடிச்சு, எல்லாரும் எழும்பிப் பூவும் அரிசியும் எறிவினம் பாருங்கோ, அந்தச் சந்தடியில ஆள் மாயம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருந்த ஓல்டனில நடந்த எத்தினை கலியாணத்தின்ர அல்பம் எங்கட வீட்டில கிடக்குது. ஒரு குடும்பப் படத்தில எண்டாலும் அந்த மனிசன் இல்லை. படம் எடுக்கிறது கடைசியில எல்லோ.

கோயில் தேரிலயும் இதே கதைதான். வடம் பிடிக்கிறதில முன்னுக்கு நிப்பார். உள்ளங்கை சிவக்கச் சிவக்க இழுப்பார். தேர் திரும்பி இருப்புக்கு வரேக்க பார்த்தால் அவற்ற இடத்தில வேற ஆரோ நிண்டு இழுத்துக்கொண்டு இருப்பினம்.

நாங்கள் அவருக்குக் 'கடுகதி' எண்டு எக்ஸ்பிரஸ் ரெயிலின்ர பேரைப் பட்டமா வைச்சிருந்தம். அவருக்கும் அது தெரியும். ரெயில் பெட்டி துப்பரவாக்கிற வேலைதான் அவர் பாத்தது. ஓல்டன் அந்த மாதிரி ஊர். ஊருக்கு வாற ஆக்களை விட ரெயில் மாற வாற ஆக்கள்தான் கூட. நாங்கள் இருந்த மாடிக்கு மேல் மாடியில அவையள் இருந்தவை. அவற்ற மனிசியும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில வேலை. இப்ப நான் பாடன் எண்டுற ஊருக்கு வந்திட்டன். அவையளும் வீட்டை விட்டிட்டு மேற்குப் பக்கமாப் போயிட்டினம் எண்டு கேள்வி. ஆனால் எந்த மண்டபத்துக்குப் போனாலும் என்ர கண் முதல்ல கதவடிக் கதிரைக்குத்தான் போகும்.

சனி ஞாயிறில எங்கட வீட்டில படம் பார்ப்பம். அவரும் இறங்கி வருவார். தேத்தண்ணி குடிப்பார், பகிடிக்குச் சிரிப்பார், வில்லனைத் தூசணத்தால பேசுவார். எல்லாம் சரி. கடைசிச் சண்டை தொடங்க எழும்பிடுவார். "இருங்கோவன் அண்ணை, முடியப்போகுது" எண்டால், "அதுதான் தங்கச்சி, முடியப்போகுதெல்லோ" எண்டு சொல்லிப்போட்டுச் சப்பாத்தைக் கொழுவுவார். அடுத்தநாள் மாடிப்படியில என்னைக் கண்டால் முதற் கேள்வி, "பிறகு என்ன நடந்தது?"

நான் சொல்லுவன். ஒருநாள் எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை. கதாநாயகன் செத்துப்போனான், அவளும் கிணத்துக்க விழுந்திட்டாள் எண்டு ஒரு பொய்யை அவிட்டு விட்டன். மனிசனுக்கு முகம் கறுத்துப்போச்சு. அந்தக் கிழமை முழுக்க, "பாவம், அந்தத் தாய் மனிசி என்ன செய்திருப்பாள்" எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவராம். பிறகு நானே மேல போய், "அண்ணை, அது பகிடி. ரண்டு பேரும் கலியாணம் முடிச்சு நல்லா இருக்கினம்" எண்டு சொன்னன். "நல்ல காலம்" எண்டார். கோபிக்கேல்லை. அப்பிடியொரு மனிசனை என்னெண்டு திட்டுறது?

ஏன் இப்பிடி எழும்பி ஓடுறியள் எண்டு கேட்டால் ஒவ்வொருநாளும் ஒவ்வொரு காரணம் வரும். விடிய வேலை. பஸ் போயிடும். வீட்டில அடுப்பு நிப்பாட்டினனோ தெரியேல்லை. "அடுப்படியில உங்கட மனிசி நிக்கிறாள், அண்ணை" எண்டால், "அவளுக்கும் மறதி கூட" எண்டுவார். அவர் சொல்லுறதெல்லாம் உண்மையும் இல்லை, முழுப் பொய்யும் இல்லை. முடிவு கிட்ட வர வர மனிசனுக்கு ஒரு அந்தரம் பிடிக்கும், அவ்வளவுதான். கால் ஆடத் தொடங்கும், கை ஜக்கெற் சிப்பை இழுத்துப் பூட்டப் போகும்.

அவைக்கு ஒரேயொரு மகள். சின்ன வயசில வீட்டு ரேடியோவைக் கழட்டிப்போட்டுத் திரும்பப் பூட்டின பிள்ளை. பரதநாட்டியத்துக்கு விட்டவை. அவள் ஆடினதை விட, டான்ஸ் டீச்சரின்ர ஸ்பீக்கர் இரைஞ்சால் போய் வயரைத் திருத்தினதுதான் கூட. படிப்பு முடிய மேடை ஒலி, ஒளி பாக்கிற தொழிலுக்கு லேர செய்யப் போனாள். லேர எண்டால் இங்க தெரியுந்தானே, வேலை செய்துகொண்டே தொழில் படிக்கிறது. எங்கட சனம் சும்மா இருக்குமோ? "பொம்பிளைப் பிள்ளை வயர் காவுதாம்" எண்டு கதைச்சுது. அண்ணை அதுக்கு விட்டுக்குடுக்கேல்லை. "என்ர பிள்ளை களவெடுக்கேல்லை, வயர்தான் காவுறாள். அவள் வயர் காவாட்டி உங்கட பிள்ளையின்ர அரங்கேற்றம் ஊமைப்படம்" எண்டு மண்டபத்துக்கு நடுவில நிண்டு சொன்னவர். சொல்லிப்போட்டு, அண்டைக்கும் முடியமுன்னம் போயிட்டார்.

லேர முடிச்ச பிள்ளையளுக்குப் பத்திரம் குடுக்கிற விழா ஒண்டு வைச்சவை. தாயும் தகப்பனும் போனவை. எழுத்து ஒழுங்கில பேர் கூப்பிடுவினம். இவையின்ர பேர் கடைசிக்குக் கிட்ட. பாதிப் பேர் கூப்பிட்டு முடிய அண்ணைக்குக் கால் ஆடத் தொடங்கிட்டுதாம். மனிசி தொடையில கை வைச்சு அமத்தினவவாம். "நான் வீட்டை போய்ச் சமைச்சு வைக்கிறன். பிள்ளை பசியோட வரும்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிட்டார். போய்ச் சும்மா இருக்கேல்லை. அவளுக்குப் பிடிச்ச நண்டுக்கறி வைச்சு, புட்டவிச்சு, மேசையில போட்டு மூடி வைச்சிருக்கிறார்.

"பேர் கூப்பிட்டு மேடையில ஏறி நிண்டு அவள் பாத்தது என்னையில்லை. எனக்குப் பக்கத்துக் கதிரையை" எண்டு மனிசி எனக்குச் சொன்னவ. அந்தக் கதையை எனக்கு ரண்டு மூண்டு தரம் சொன்னவ. ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில நிப்பாட்டிடுவா.

பிள்ளை நண்டு சாப்பிடேல்லை. சண்டையும் பிடிக்கேல்லை. கொஞ்சக் காலத்தில மேற்குப் பக்கத்தில, லோசானில வேலை கிடைச்சுப் போயிட்டாள். தாயோட போனில கதைப்பாள். தகப்பனை "அப்பா சுகமோ" எண்டு கேப்பாள். தான் செய்யிற நிகழ்ச்சியளுக்கு அவரை ஒருக்காலும் கூப்பிடேல்லை. அவர் மாடிப்படியில என்னைக் காணேக்க, "இந்தக் கிழமை பிள்ளை பெரிய மேடை ஒண்டு செய்யுதாம்" எண்டு சொல்லுவார். எல்லாம் மனிசியிட்டைக் கேட்டு அறிஞ்சது.

பிறகு ஒரு கோடையில அவளே ரண்டு அனுமதி அட்டை அனுப்பினாள். அமெரிக்காவில இருந்து ஒரு பழைய பாண்ட் கோஷ்டி வருது, லோசான் வாவிக்கரையில ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நிகழ்ச்சி, சத்தம் பாக்கிற பெரிய மேசையில நான்தான் நிக்கிறன் எண்டு தாய்க்குச் சொல்லியிருக்கிறாள். கூடவே இதையும் சொல்லியிருக்கிறாள்: "அப்பா வந்தால் முடியுமட்டும் நிக்கவேணும், அம்மா. இந்த முறையும் இடையில போனால் நான் இனிக் கூப்பிடமாட்டன். எனக்குக் கோபமில்லை. களைச்சுப்போனன்."

மனிசிக்கு அண்டைக்கு வேலை. மாறிச் செய்ய ஒருத்தரும் கிடைக்கேல்லை. இல்லத்தின்ர சமையலறையில வைச்சு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டா. "நீ போ. போய் அந்த மனிசனை எழும்பவிடாமல் பிடிச்சு இருத்து. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறன்." நான் என்ர மனிசனிட்டைச் சொல்ல, "கடுகதியை நிப்பாட்டப் போறியோ? போ, போ, உன்னாலதான் ஏலும்" எண்டு சிரிச்சார்.

போற வழியெல்லாம் அண்ணை நல்ல உசாராத்தான் இருந்தவர். ரெயிலில ஏறினதும் குனிஞ்சு சீற்றுக்குக் கீழ பாத்து, "நேற்றைய ஆக்கள் ஒழுங்காக் கூட்டேல்லை" எண்டார். புது ஜக்கெற், புதுச் சேட்டு, தலைக்கு மை. பையுக்குள்ள மகளுக்கு வடை. வாவியைக் கண்டதும் கொஞ்சம் அடங்கிப்போனார்.

அங்க போய்ப் பார்த்தால், ஐயோ, அந்தச் சனத்தை நான் என்னெண்டு சொல்ல? எல்லாம் எங்கட இல்லத்தில இருக்கவேண்டிய வயசு. ஆனால் போட்டிருக்கிறது கலர் கலராச் சாயம் பிழிஞ்ச சேட்டு. நரைச்ச தலையில பூ. செருப்பைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புல்லில நிண்டு கண்ணை மூடிக்கொண்டு ஆடுதுகள். புகையும் வந்தது. சொசேஜ் வாட்டுற புகை மட்டுமெண்டு நான் சொல்லமாட்டன். அண்ணை மூக்கைச் சுழிச்சுப்போட்டு, "என்ன சாமான் பத்துறாங்கள்?" எண்டார். "சாம்பிராணி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" எண்டன்.

மகள் சனத்துக்கு நடுவில ஒரு வேலிக்குள்ள, கூடாரம் மாதிரி ஒண்டுக்குக் கீழ, பெரிய மேசைக்குப் பின்னால நிண்டாள். கறுத்த ரீசேட்டு, காதில ஹெட்போன், கட்டையா வெட்டின தலைமயிர். எங்களைக் கண்டு கையைக் காட்டினாள். சிரிக்கேல்லை எண்டு சொல்ல ஏலாது, அரைவாசி சிரிச்சாள். ஓரமாப் போட்டிருந்த கதிரையில நாங்கள் இருந்தம். வாசலுக்குக் கிட்டத்தான் அவர் போகப் பாத்தவர். நான் கையில பிடிச்சு இழுத்து நடுவில இருத்தினன்.

பாண்ட்காரர் வந்தவை. எல்லாம் பழுத்த கிழவர். ஒருத்தர் கதிரையில இருந்துதான் கித்தார் வாசிச்சார். இன்னொருத்தரை மேடைப்படியில கைபிடிச்சு ஏத்திவிட்டவை. ரண்டு பேர் ட்ரம்ஸ். பாட்டு எண்டு ஏதோ நாலு வரி பாடினவை. பிறகு வாய் மூடிட்டுது, கைதான் வேலை செய்யுது. ஒருத்தர் ஒரு பக்கம் இழுக்கிறார், மற்றவர் அவருக்குப் பின்னால போறார், மூண்டாமவர் நிண்டு யோசிக்கிறார். நேரம் போகுது. அண்ணை என்ர காதில, "முதலாம் பாட்டு இன்னும் முடியேல்லையோ?" எண்டார்.

"எனக்கென்ன தெரியும்?"

பக்கத்தில சாயச் சேட்டுப் போட்ட ஒரு பேர்ன் நகரத்துக்காரர் இருந்தார். இந்தப் பாண்டுக்குப் பின்னால ஊர் ஊராத் திரியிறவராம். அண்ணை அவரிட்டை டொச்சில, அதுதான் ஜேர்மன் பாஷையில, "இது எப்ப முடியும்?" எண்டு கேட்டார்.

அந்த மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சார். "அவைக்கே தெரியாது. அதுக்குத்தானே நாங்கள் வாறது" எண்டார். இதை ஜாம் பாண்ட் எண்டு சொல்லுறதாம். பாட்டைத் தொடங்கிறது மட்டும்தான் தெரியுமாம். எப்பிடிப் போகும், எங்க போய் முடியும் எண்டு அந்த அந்த நேரம் மேடையில வைச்சுத்தான் கண்டுபிடிப்பினமாம். நேற்று வாசிச்சமாதிரி இண்டைக்கு வாசிக்கமாட்டினமாம்.

பிறேக் இல்லாத ரெயிலில ஏத்திவிட்ட மாதிரி அண்ணையின்ர முகம் போச்சு. வாழ்க்கை முழுக்க முடிவுக்கு ஒரு கால் முன்னம் எழும்பின மனிசன். முடிவு எங்க எண்டு தெரியாட்டி எப்ப எழும்புறது? கால் ஆடுது. நெத்தியில வேர்க்குது. கை சிப்புக்குப் போகுது. நான் கையைப் பிடிச்சன். அவர் கொஞ்ச நேரம் மகள் நிண்ட பக்கத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். பிறகு தானாகவே மணிக்கூட்டைக் கழட்டி என்ர மடியில போட்டார். "வைச்சிரு தங்கச்சி. இது கையில இருந்தால் நான் எழும்பிடுவன்." அதோட ஜக்கெற்றையும் கழட்டினார். கழட்டி, மடிச்சு, தனக்குக் கீழ போட்டுக்கொண்டு அதுக்கு மேல குந்தினார். அந்த மனிசனுக்கு முழங்கை எண்டு ஒண்டு இருக்கிறதை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

ட்ரம்ஸ்காரர் ரண்டு பேரும் தனியா அடிக்கத் தொடங்கச் சனம் பியர் வாங்க எழும்பிச்சுது. எங்கட கச்சேரியில மிருதங்கம் தொடங்கக் கன்ரீனுக்குப் போற மாதிரித்தான். உலகமெல்லாம் மேளகாரன் பாடு இதுதான் போல எண்டு நினைச்சன். அண்ணை எழும்பேல்லை. பாதிச் சனம் போயும் அவர் எழும்பேல்லை. அப்ப அந்தக் கதிரைக் கிழவர் கித்தாரில மெல்லமா ஏதோ தட்டினார். மற்றவையும் சேர்ந்தினம். திடீரெண்டு முதல் பாடின அதே நாலு வரி திரும்ப வந்தது. சனம் எல்லாம் கத்துது. அண்ணை என்ர கையை நோகப் பிடிச்சார். "தங்கச்சி! அதே பாட்டு! இவ்வளவு நேரமும் சுத்திப்போட்டு அதே பல்லவிக்கு வந்திட்டாங்கள்!" அவற்ற கண் கலங்கியிருந்தது. அந்தப் பாட்டின்ர ஒரு சொல்லும் எனக்கு விளங்கேல்லை, ஆனால் அழுகை வந்தது.

அதுக்குப் பிறகும் ரண்டு மூண்டு வாசிச்சவை. கடைசியா அந்தக் கிழவர் மைக்கைப் பிடிச்சு ஒவ்வொருத்தரின்ர பேரையும் சொன்னார். அவையள் ஒவ்வொருத்தராத் தலையைக் குனிஞ்சவை. சனம் கை தட்டிச்சுது. வாத்தியங்களை வைச்சுப்போட்டு எல்லாரும் மேடையால இறங்கிப் போயிட்டினம். மேடை வெளிச்சம் நிண்டுது. சனம் எழும்பிச்சுது. நீங்களே சொல்லுங்கோ, இதுக்கு என்ன பேர்? கலைஞர் அறிமுகம், நன்றியுரை, விழா இனிதே நிறைவு. எங்கட எந்த விழாவும் இப்பிடித்தானே முடியிறது. பேர்ன்காரரிட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம். அவர் பியருக்கு ஓடிட்டார்.

அண்ணை கூடாரத்து வேலியடிக்கு ஓடினார். ஓடினார் எண்டால் சும்மா இல்லை, சனத்தை இடிச்சுக்கொண்டு ஓடினார். "பிள்ளை! முடியுமட்டும் இருந்தனான்! பாத்தியோ, முடியுமட்டும்!" மகளுக்குக் காதில ஹெட்போன். ஆரோடயோ அந்தரமாக் கதைச்சுக்கொண்டு நிக்கிறாள். திரும்பிப் பாத்துச் சிரிச்சாள், இந்த முறை முழுசா. பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். வேலை கிடக்குது, பிறகு கதைப்பம் எண்டு கையால சொன்னாள். வடைப் பையை வேலிக்கு மேலால குடுத்தார். "அவளுக்கு இனிக் கழட்டுற வேலை இருக்கும். நாங்கள் நிண்டு இடைஞ்சல் குடுக்கக்கூடாது" எண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

ஸ்டேசன் மட்டும் அந்த மனிசன் கதைச்ச கதையை நான் ஒருநாளும் கேக்கேல்லை. மனிசிக்குப் போன் அடிச்சு, "முடிஞ்சுது! நான் இருந்தனான்! தங்கச்சியைக் கேட்டுப் பார்" எண்டு கத்தினார். போனை என்னட்டைத் தந்தார். "ஓமக்கா, ஒருக்காலும் எழும்பேல்லை" எண்டு நானும் சொன்னன். மற்றப் பக்கத்தில அக்கா மூக்கை உறிஞ்சிற சத்தம்தான் கேட்டுது. ரெயிலில ஏறியும் ஓயேல்லை. "கடைசி எண்டு ஒண்டு இருக்குது பார் தங்கச்சி, அது ஒரு தனி ருசி" எண்டார்.

ரெயில் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போனாப் பிறகுதான் எனக்குத் தலைக்குள்ள ஏதோ இடிச்சுது. பெட்டியைச் சுத்திப் பாத்தன். சைக்கிளோட ஒரு குடும்பம். புத்தகம் வாசிக்கிற ஒரு பெட்டை. வாவிக்கரை நிறைஞ்ச அவ்வளவு சனத்தில ஒரு சாயச் சேட்டுக்கூட அந்த ரெயிலில இல்லை. சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிக்கமுன்னம் அண்ணையின்ர போன் அடிச்சுது. மகள்.

"அப்பா, எங்க நிக்கிறியள்? கதிரையில காணேல்லை. ரண்டாம் பகுதி தொடங்கிட்டுது."

போன் சத்தம் எனக்கும் கேட்டுது. அண்ணை "இடைவேளையோ?" எண்டு மட்டும் கேட்டார். மற்றப் பக்கத்தில கொஞ்ச நேரம் பாட்டுத்தான் கேட்டுது. பிறகு அவள், "ரெயிலில நிக்கிறியளோ, அப்பா" எண்டாள். கேள்வி மாதிரிக் கேக்கேல்லை. "சரி. கவனமாப் போங்கோ." வைச்சிட்டாள்.

நான் விளங்கப்படுத்தி ஒரு மெசேஜ் போடுறன், எங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லுறன், அக்காவும் கதைப்பா எண்டெல்லாம் சொன்னன். அவர் கேக்கேல்லை. "அடுத்தது இவெர்டோன்" எண்டார். எழும்பிப் போய்க் கதவடியில நிண்டார். ரெயில் நிக்கமுன்னம் கதவடியில நிக்கிறது அவற்ற பழக்கம்தான். ஆனால் இறங்கினதும் மற்றப் பக்க ரெயில் மேடைக்கு நடந்தார். லோசானுக்குத் திரும்பிப் போற பக்கம்.

"அண்ணை, நாங்கள் போய்ச் சேர அது முடிஞ்சிடும்."

"முடியட்டும்."

அங்க கிடந்த வாங்கில குந்தியிருந்தம். அவர் கையைக் கோத்துக்கொண்டு தண்டவாளத்தையே பாத்துக்கொண்டு இருந்தார். நான் கேக்காமலே கதைச்சார். "எங்கட இளம் வயசில, யாழ்ப்பாணத்தில, படத்துக்கு முடிவு எண்டு ஒண்டு இருக்கேல்லை, தங்கச்சி. ஊரடங்குதான் இருந்தது. கடைசி ரீலுக்கு முதல் தியேட்டர் முழுக்க எழும்பி ஓடும். கலியாணம், திருவிழா, செத்த வீடு, எல்லாம் அப்பிடித்தான். ஓடி வீட்டை போய்க் கதவைச் சாத்தினால்தான் அம்மா மூச்சு விடுவா." "இங்க ஆர் ஊரடங்கு போட்டது? ஒருத்தரும் போடேல்லை. நான்தான் பிள்ளைக்குப் போட்டிட்டன்." நான் தண்ணிப் போத்தலை நீட்டினன்.

திரும்பிப் போய் மெத்ரோ ரெயிலால வாவிக்கரையில இறங்க, எதிர்ப்பக்கத்தால சாயச் சேட்டுச் சனம் ஏறி வந்துகொண்டு இருந்தது. சிரிச்சுக்கொண்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்துதுகள். அந்தப் பேர்ன்காரர் எங்களைக் கண்டு, "அருமையா முடிச்சவை, என்ன!" எண்டு கத்திப்போட்டுப் போனார். அண்ணை அவருக்குத் தலையை ஆட்டினார். சனத்துக்கு எதிரா விலத்தி விலத்தி இறங்கினார். வெயில் இன்னும் போகேல்லை. ஞாயிற்றுக்கிழமை எண்டபடியால் சத்தத்தை வெள்ளனவே நிப்பாட்டிடவேணுமாம்.

மேடையில ஆக்கள் இரும்பு கழட்டிக்கொண்டு நிண்டினம். மகள் புல்லில முழந்தாளில இருந்து வயர் சுருட்டிக்கொண்டு இருந்தாள். எங்களைக் கண்டாள். எழும்பேல்லை.

"முடிஞ்சுது, அப்பா."

"தெரியும் பிள்ளை."

"பிறகு என்னத்துக்கு வந்தனீங்கள்?"

அண்ணை சுத்திப் பாத்தார். "இதெல்லாம் இனி என்ன செய்யிறது?"

"கழட்டி லொறியில ஏத்திறது." வயரை இழுத்தாள். "எப்ப முடியுமெண்டு கேக்கப்போறியளோ?"

"இல்லை. நான் எதைப் பிடிக்கவேணும் எண்டு கேக்கிறன்."

அவள் கன நேரம் அவரைப் பாத்துக்கொண்டு இருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பி வாவியைப் பாக்கிற மாதிரி நிண்டன். பிறகு அவள் எழும்பிப் போய் ஒரு மஞ்சள் மேற்சட்டையும் கையுறையும் கொண்டுவந்து அவற்ற கையில வைச்சாள். ஒரு வயரின்ர நுனியையும் குடுத்தாள். அண்ணை உசாரா அதை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் குறுக்கால சுத்தத் தொடங்கினார், நாங்கள் கொடிக்கயிறு சுத்திற மாதிரி.

"ஐயோ அப்பா, அப்பிடிச் சுத்தாதேங்கோ! உள்ளுக்கு முறுகிப் பழுதாப்போயிடும்." அவற்ற கையைப் பிடிச்சுக் காட்டினாள். ஒருக்கா மேலால, ஒருக்கா கீழால. வயர் எந்தப் பக்கம் வளையப் பாக்குதோ அந்தப் பக்கம் விடவேணும், இழுக்கக்கூடாது. அவர் பிழையாச் சுத்தினார். அவிட்டார். திரும்பச் சுத்தினார். "இப்ப சரியோ?" "ஓம், இப்ப சரி." அவர் குனிஞ்சு அடுத்த வயரை எடுத்தார்.

நானும் சும்மா நிக்கேல்லை, கதிரையளை மடிச்சன். வேலை செய்யிற பெடியள் வடையைப் பிரிச்சுச் சாப்பிட்டவை. மேடை ஒரு பக்கத்தால குறைஞ்சுகொண்டு வந்தது. அண்ணை பெட்டி காவினார், உருட்டினார், ஆர் என்ன சொன்னாலும் செய்தார். ஒருக்காலும் நேரம் கேக்கேல்லை. கடைசிப் பெட்டியை ஏத்தி, லொறிக்காரர் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். லொறி வெளிக்கிட்டுப் போச்சு. மற்ற ஆக்களும் கை காட்டிப்போட்டுப் போயிட்டினம். புல்லில நாங்கள் மூண்டு பேரும்தான்.

மகள் தன்ர முதுகுப் பையைத் தூக்கிக் கொழுவினாள். "சரி அப்பா. இனி ஒண்டும் இல்லை. வாங்கோ, போவம்."

அண்ணை அசையேல்லை. "நீ முன்னுக்குப் போ, பிள்ளை. நான் கடைசியா வாறன்" எண்டார்.